எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு அமெரிக்க அரசியல் சாசன உரிமைகள் எது வரை?

புதுவரவு:

வணக்கம். எச்1பி வேலை விசாக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். ஒரு கட்சி, "கான்ஸ்டிடியூஷன் எல்லாம் சிட்டிசன்களுக்கு. நமக்கென்ன உரிமை? போலீஸ் என்ன கேட்டாலும் தலையாட்டிவிட்டு வந்துவிட வேண்டும்" என்கிறது. எதிர்க்கட்சி, "வாயே திறக்காதே. 'பேசாமல் இருக்கலாம், வக்கீல் கேட்கலாம்' என்கிற மிராண்டா எச்சரிக்கையைப் போலீஸ் வாசிக்காவிட்டால் கேஸ் நிற்காது" என்கிறது. இரண்டையும் கேட்டுக் குழப்பம்தான் மிச்சம்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குடியுரிமை இல்லாதவருக்கு எந்த உரிமைகள் உண்டு, எவை இல்லை? காரை நிறுத்தும் போலீஸ் டிக்கியைத் திற, போனைக் காட்டு என்றால் மறுக்கலாமா? கடைசியாக இன்னொன்று: ஜூரி டூட்டிக்கு (வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார) வரச் சொல்லி கவுன்டி (மாவட்ட) கோர்ட்டிலிருந்து எச்1பி-காரருக்கே கடிதம் வருகிறதே, அதைக் குப்பையில் போட்டுவிடலாமா?

மணற்கேணி:

இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போச்சு.

முதல் கட்சிக்கு மூல வாசகமே பதில். பில் ஆஃப் ரைட்ஸ் என்கிற முதல் பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15 அன்று ஏற்கப்பட்டன. பத்தையும் வரிவரியாகத் தேடினாலும் "சிட்டிசன்" என்ற சொல் ஓரிடத்திலும் கிடைக்காது. "பீப்பிள்" இருக்கிறது, "பர்சன்" இருக்கிறது, ஆறாவதில் "அக்யூஸ்ட்" இருக்கிறது. முறையான சட்ட நடைமுறை இல்லாமல் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்கிற ஐந்தாம் திருத்தம் "நோ பர்சன்" என்றுதான் தொடங்குகிறது. 1868-இல் வந்த பதினான்காம் திருத்தத்தின் முதல் பிரிவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். குடிமக்களின் சலுகைகளைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு, சட்டத்தின் சமமான பாதுகாப்பை "எந்த நபருக்கும்" மாநிலம் மறுக்கக் கூடாது என்று சொல்லை மாற்றுகிறார்கள். கைதவறி மாறியதல்ல. வாக்குரிமை பற்றிய 15, 19, 24, 26-ஆம் திருத்தங்கள் நான்கிலும் "சிட்டிசன்ஸ்" என்று குறித்தே எழுதியிருக்கிறார்கள்.

நம்மவர்களுக்குக் குழப்பம் வருவது இந்திய சாசனப் பழக்கத்தால் என்று நினைக்கிறேன். அங்கே 14, 21-ஆம் உறுப்புகள் எல்லோருக்கும். பேச்சுரிமை தரும் 19 குடிமக்களுக்கு மட்டும். அமெரிக்காவின் முதல் திருத்தத்தில் பேச்சு பற்றிய வரி, உரிமை யாருக்கு என்றே சொல்வதில்லை. பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றக் கூடாது என்று அரசின் கையைக் கட்டுகிறது, அவ்வளவுதான்.

இதை நீதிமன்றத்தில் நிலைநாட்டியவர்கள் சலவைக்காரர்கள். 1880-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் ஒரு விதி போட்டது: செங்கல், கல் கட்டடம் தவிர வேறெதில் சலவைக்கடை நடத்தினாலும் அனுமதி வாங்க வேண்டும். நகரத்தில் அப்போது ஏறக்குறைய 320 சலவைக்கடைகள், அதில் 310 போல மரக்கட்டடம். விதியின் வாசகத்தில் இனம், நாடு எதுவும் கிடையாது. ஆனால் விண்ணப்பித்த 200 சீனர்களுக்கும் அனுமதி மறுப்பு. சீனரல்லாத 80 பேரில் ஒருவர் தவிர எல்லோருக்கும் அனுமதி. 10 டாலர் அபராதம் கட்டாமல் சிறைக்குப் போனவரின் வழக்குதான் யிக் வோ. அவர் குடிமகன் அல்ல, அன்றைய சட்டப்படி ஆகவும் முடியாது. 1886-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பதினான்காம் திருத்தம் குடிமக்களோடு நின்றுவிடவில்லை, வாசகம் நடுநிலையாக இருந்தாலும் அதை அமல்படுத்துவதில் ஓரவஞ்சனை இருந்தால் செல்லாது.

பத்தாண்டு கழித்து 1896-இல் வோங் விங் வழக்கு. நாட்டில் இருக்க அனுமதியில்லாத சீனர்களை ஜூரி விசாரணை இல்லாமலே கடுங்காவலில் போட்டு, பிறகு வெளியேற்றலாம் என்றது அன்றைய சட்டம். வெளியேற்றுவது வேறு, தண்டிப்பது வேறு என்று கோர்ட் பிரித்தது. தண்டனை என்றால் ஐந்தாம், ஆறாம் திருத்தங்கள் முழுதாக வரும். வெளியேற்றம் தண்டனையல்ல, சிவில் நடவடிக்கை. இந்தப் பிரிவினைக் கோட்டை நினைவில் வையுங்கள், இன்று நம்மவர்கள் இடறி விழுவது இதில்தான். திருட்டு வழக்கில் பிடிபட்டவருக்குக் கையில் காசில்லை என்றால் அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும், 1963 கிடியன் தீர்ப்பு. குடியேற்ற நீதிமன்றத்தில் அது கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு உங்களுடையது.

இன்னொன்று, சாசனம் கட்டுவது அரசின் கையை மட்டும்தான். "ஆபீஸில் கருத்துச் சொன்னதற்கு வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள், முதல் திருத்தம் என்ன ஆச்சு?" என்பது அடிக்கடி வருகிற கேள்வி. தனியார் கம்பெனி, அபார்ட்மென்ட் நிர்வாகம், வாட்ஸ்அப் குழு அட்மின் எவரையும் அது கட்டாது. அங்கே பார்க்க வேண்டியது சாதாரணச் சட்டம். உதாரணமாக, சம்பளம் எவ்வளவு என்று சக ஊழியரோடு பேசுவதற்காகத் தண்டிக்கக் கூடாது என்பது 1935 தொழிலாளர் உறவுச் சட்டம். அதற்கு விசா வகை பொருட்டல்ல. ஆனால் சூப்பர்வைசர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சாலைவிதி:

நான் கார் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஓரங்கட்டி நிறுத்தியதும் இன்ஜினை அணையுங்கள், ஜன்னலை இறக்குங்கள், இரவானால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் கேட்டால் காட்டியே ஆக வேண்டும். குளோவ் பாக்ஸில் இருந்தால் "அங்கே இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள். இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். ஓட்டுநருக்கு 1977-இலும் உடன் வருபவருக்கு 1997-இலும் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. "எங்கே போகிறாய், எங்கே வேலை" போன்ற பேச்சுக்குப் பதில் சொல்வது உங்கள் விருப்பம்.

சிக்கல் ஆரம்பிப்பது அடுத்த கேள்வியில். "மைண்ட் இஃப் ஐ டேக் எ லுக்?" (பார்த்தால் ஆட்சேபணை உண்டா) என்று சாதாரணமாகக் கேட்பார். "நோ" என்றால் மறுப்பா, ஆட்சேபணை இல்லை என்பதா? நம் ஊர்த் தலையாட்டல் இன்னும் மோசம். புரிகிறது என்ற அர்த்தத்தில் பக்கவாட்டில் ஆட்டுவதைச் சம்மதம் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடலாம். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று போலீஸ் சொல்லித்தர வேண்டிய கடமையும் இல்லை (1973, ஷ்னெக்லாத் வழக்கு). ஆகவே மனப்பாடமாக ஒரு வாக்கியம்: "ஆஃபிசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்ஸ்." குரலை உயர்த்தாமல், சிரிக்காமல் ஒரு முறை. பாடிகேமில் பதிவாகிவிடும்.

இதைச் சொன்னால் தேடாமல் விட்டுவிடுவார் என்று நினைக்காதீர்கள். சீட்டில் ஏதாவது கண்ணில் பட்டாலோ, குற்றத்தோடு தொடர்புள்ள பொருள் காரில் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலோ வாரண்ட் இல்லாமலே காரைத் தேடலாம், டிக்கி உட்பட. 1925-லிருந்து இருக்கிற விதிவிலக்கு. அப்போது மறித்து நிற்காதீர்கள், கையைக் குறுக்கே நீட்டாதீர்கள். நீங்கள் சொன்ன மறுப்பின் பலன் ரோட்டில் இல்லை, பின்னால் கோர்ட்டில். தேடலுக்குக் காரணம் போதாது என்று நீதிபதி கண்டால் கிடைத்த பொருளைச் சாட்சியமாக்க முடியாது. சம்மதம் கொடுத்துவிட்டால் அந்த வாதமே போய்விடும்.

மோப்ப நாய் காரைச் சுற்றி வருவது தேடல் ஆகாது என்பது 2005 தீர்ப்பு. ஆனால் டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதும் வேலை முடிந்த பிறகு நாய்க்காகக் காக்க வைக்கக் கூடாது. 2015 ரோட்ரிகஸ் வழக்கில் காக்க வைத்தது ஏழெட்டு நிமிடம்தான், அதுவே தவறு என்றது கோர்ட். எனவே எச்சரிக்கைச் சீட்டையோ டிக்கெட்டையோ கையில் வாங்கியதும் கேட்க வேண்டியது: "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" ஆமாம் என்றால் கிளம்புங்கள். கிளம்பாமல் நின்று பேசினால் அது நீங்களே விரும்பிப் பேசுவதாகிவிடும்.

போன் பற்றி: கைது செய்தாலும்கூட போனுக்குள் பார்க்க வாரண்ட் வேண்டும். 2014 ரைலி, ஒருமனதான தீர்ப்பு. இன்ஷூரன்ஸ் கார்டை போனில் காட்டுகிறேன் என்று லாக் திறந்து கையில் கொடுப்பதுதான் இங்கே நடக்கிற தப்பு. அச்சிட்ட தாள் ஒன்று குளோவ் பாக்ஸில் கிடக்கட்டும்.

குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானால் கணக்கு வேறு. மூச்சுச் சோதனைக்கு வாரண்ட் தேவையில்லை, மறுப்பதையே குற்றமாக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. ரத்தம் எடுப்பதானால் பொதுவாக வாரண்ட் வேண்டும். 2016-இல் வந்த தீர்ப்பு. மூச்சுச் சோதனையை மறுத்தால் லைசென்ஸ் முடங்குவது தனி.

ஈரெழுத்து:

சாலைவிதி சார் சொன்னது சரி. இரண்டாம் கட்சியின் மிராண்டா மயக்கத்தை யாரும் தொடவில்லை, அதை முடித்துவிடுகிறேன்.

1966 தீர்ப்புப்படி அந்த எச்சரிக்கை எப்போது தேவை? நீங்கள் காவலில் இருக்க வேண்டும், கூடவே விசாரணையும் நடக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் வாசிக்கத் தேவையில்லை. சாதாரண டிராஃபிக் ஸ்டாப் காவல் அல்ல என்று 1984-இலேயே சொல்லியாயிற்று. ஆக ரோட்டோரத்தில் "ரெண்டு பியர்தான் சார் குடித்தேன்" என்று வாயை விட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமலே அது சாட்சியம்.

வாசிக்க வேண்டிய இடத்தில் வாசிக்காவிட்டாலும் கேஸ் ஒன்றும் விழாது. நீங்கள் சொன்ன வாக்குமூலத்தை அரசுத் தரப்பு நேரடிச் சாட்சியமாக வைக்க முடியாது, அவ்வளவே. வேறு சாட்சி, கேமரா, கைரேகை இருந்தால் கேஸ் அப்படியே நடக்கும். மிராண்டா வாசிக்கவில்லை என்பதற்காகப் போலீஸ்காரர் மேல் நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது (2022, வேகா).

பலருக்கும் தெரியாத சங்கதி அடுத்தது. மௌனமாக இருக்கும் உரிமையைப் பெற, வாய்திறந்து கேட்க வேண்டும்! மிச்சிகனில் ஒருவர் ஏறக்குறைய மூன்று மணிநேரம் விசாரணையில் பெரும்பாலும் பேசாமலே உட்கார்ந்திருந்தார். கடைசியில், அந்தப் பையனைச் சுட்டதற்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறாயா என்றார் அதிகாரி. "யெஸ்" என்றார். அந்த ஒரு சொல் சாட்சியமானது. பேசாமல் இருந்ததால் மட்டும் உரிமையைக் கோரியதாக ஆகாது என்று 2010-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. 2013-இல் இன்னொரு படி மேலே போனார்கள்: கைதாகாமல் தானாக ஸ்டேஷனுக்குப் போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், துப்பாக்கித் தோட்டா பற்றிய கேள்விக்கு மட்டும் மௌனமானார். அந்த மௌனத்தையே அவருக்கு எதிராகக் காட்ட முடிந்தது.

வக்கீல் கேட்பதும் அப்படியே. "மேபீ ஐ ஷுட் டாக் டு எ லாயர்" என்றால் கேட்டதாக ஆகாது, 1994 டேவிஸ். லூசியானாவில் ஒருவர் பேச்சுவழக்கில் "கிவ் மீ எ லாயர், டாக்" என்றார். நம் "மச்சி" மாதிரி ஒரு விளி அது. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. பேச்சு தெளிவில்லை என்று அதற்கு உடன்பட்ட நீதிபதி ஒருவர் "லாயர் டாக்" என்றால் வக்கீல் நாயா என்கிற மாதிரி எழுதிவைத்ததை இன்றும் கிண்டலடிக்கிறார்கள். ஆகவே "மேபீ", "ஐ திங்க்", "இஃப்" எதுவும் வேண்டாம்: "ஐ வில் ரிமெயின் சைலன்ட். ஐ வான்ட் எ லாயர்." அதற்குப் பிறகு வானிலை பற்றிக்கூடப் பேச வேண்டாம். காவலில் இப்படிக் கேட்டால் விசாரணை நிற்க வேண்டும். வெளியே விட்டுவிட்டால் 14 நாள் கழித்து மறுபடி முயலலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பொய் மட்டும் கூடாது. ஃபெடரல் அதிகாரியிடம் சொல்லும் முக்கியமான பொய்க்கு ஐந்தாண்டு வரை சிறை. சத்தியம் செய்து சொல்லியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெயர் கேட்டால், சந்தேகத்தின் பேரில் நிறுத்தும்போது பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிற மாநிலங்கள் உண்டு. அது செல்லும் என்று 2004-இல் நெவாடா வழக்கில் தீர்ப்பு.

புதுவரவு:

நன்றி, இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. வீட்டுக் கதவு? "வாரண்ட் இருக்கிறது" என்று வெளியே நின்று சொன்னால் திறந்துதானே ஆக வேண்டும்? ஒரே ஃபிளாட்டில் நாலு பேர் தங்கியிருந்தால், யாராவது ஒருவர் உள்ளே விட்டால் போதுமா?

வாசற்படி:

எந்த வாரண்ட் என்று பாருங்கள். திறக்காமலே பார்க்கலாம், கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லலாம், ஜன்னல் கண்ணாடியில் காட்டச் சொல்லலாம்.

தாளின் தலைப்பில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறதா? கீழே கையெழுத்துப் போட்டவர் நீதிபதியா, மாஜிஸ்ட்ரேட்டா? உங்கள் முகவரி, ஃபிளாட் எண் உட்பட, சரியாக இருக்கிறதா? தேதி? ஃபெடரல் தேடல் வாரண்ட் என்றால் அதிகபட்சம் 14 நாளுக்குள், தனி அனுமதி இல்லாவிட்டால் காலை 6 முதல் இரவு 10-க்குள் நிறைவேற்ற வேண்டும். எதைத் தேட வந்தார்கள் என்றும் அதில் எழுதியிருக்கும். இது நீதிமன்ற வாரண்ட். திறந்துதான் ஆக வேண்டும்.

தலைப்பில் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி (குடியேற்றத்தைக் கவனிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்பு) துறையின் பெயரும், ஓரத்தில் ஐ-200 அல்லது ஐ-205 என்ற படிவ எண்ணும் இருந்தால் அது நிர்வாக வாரண்ட். கையெழுத்து குடியேற்ற அதிகாரியுடையது, நீதிபதியுடையது அல்ல. ஐ-200 ஒருவரைக் கைது செய்ய. ஐ-205 ஏற்கெனவே வெளியேற்ற உத்தரவு பெற்றவருக்கு. பொது இடத்தில் அவரைப் பிடிக்க இது போதும். வீட்டுக்குள் நுழைய நீதிபதி பார்த்துக் கையெழுத்திட்ட தாளோ, உள்ளிருப்பவர் சம்மதமோ வேண்டும் என்பதுதான் நான்காம் திருத்தத்தைப் பற்றி நெடுங்காலமாக இருக்கிற புரிதல். ஐ-205 விஷயத்தில் அரசுத் தரப்பு இதை ஏற்காமல் வாதாடியதும் உண்டு. ஆகவே மீறி நுழைந்தால் தடுக்க முயலாமல், சம்மதம் இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் கதவைப் பாதி திறந்து பேசும்போது. "உள்ளே வந்து பேசலாமா" என்பதற்கு நம் விருந்தோம்பல் புத்தி தானாக ஒதுங்கி வழிவிடும். அந்த ஓரடி ஒதுங்கலையே சம்மதமாகக் கொண்ட தீர்ப்புகள் உண்டு. பேசுவதானால் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள், அல்லது உள்ளிருந்தே பேசுங்கள்.

நாலு பேர் ஃபிளாட்: கூடம், சமையலறை மாதிரிப் பொது இடங்களுக்கு எவர் ஒருவர் சம்மதித்தாலும் போதும். ஆனால் அதே வாசலில் நின்று இன்னொருவர் "கூடாது" என்றால், சொன்னவரைப் பொறுத்தவரை அந்தத் தேடல் செல்லாது (2006, ராண்டால்ஃப்). அவர் அங்கே இருக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தால் கணக்கில் இல்லை. மறுத்தவரை முறைப்படி கைது செய்து கூட்டிப்போன பிறகு மற்றவர் சம்மதித்தால் அதுவும் செல்லும், 2014-இல் வந்தது. பூட்டி வைத்திருக்கும் உங்கள் தனி அறைக்கு அறைத்தோழர் சம்மதம் தர முடியாது. வீட்டுக்காரரும் தர முடியாது, 1961-லிருந்தே அப்படித்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று, விமான நிலையம். நாட்டின் வாசலில் இந்த உரிமைகள் சுருங்கிவிடும். பெட்டியைத் திறக்க வாரண்ட் வேண்டாம், போனையும் அப்படியே பார்க்கிறார்கள். கடவுச்சொல் தர மறுத்தால் போனைப் பிடித்து வைக்கலாம். குடிமகனை உள்ளே விடாமல் இருக்க முடியாது. விசாக்காரரைத் திருப்பி அனுப்ப முடியும்.

நம்மைச் சேர்ந்த ஒரு வழக்கே இதற்கு எல்லைக்கல். 2017-இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கெஜம் வந்திருந்த இலங்கைத் தமிழர் ஒருவரைப் பிடித்தார்கள். அடைக்கலம் கேட்டார். அதிகாரி நிராகரித்தார். முழு விசாரணை வேண்டும் என்று அவர் போட்ட ஆட்கொணர்வு மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லை தாண்டிய உடனே பிடிபட்டவர் வாசலில் நிற்பவருக்குச் சமம், காங்கிரஸ் சட்டம் தருகிற நடைமுறைக்கு மேல் அவர் கோர முடியாது என்று 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு. "பர்சன்" என்ற சொல் எல்லோரையும் காக்கும்தான். ஆனால் எவ்வளவு காக்கும் என்பது எங்கே நிற்கிறீர்கள், எவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை அட்டை) வைத்திருக்கும் பெற்றோர் ஊரில் ஏழெட்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்பும்போது நீட்டப்படுகிற ஐ-407 படிவம் இதோடு சேர்ந்தது. "நான் தானாகவே நிரந்தர வசிப்புரிமையைக் கைவிடுகிறேன்" என்பதுதான் அதன் சாரம். கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. போடாவிட்டால் குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். திரும்பி வரும் நிரந்தர வசிப்பாளருக்கு முறையான நடைமுறை உண்டு என்று 1982-இலேயே தீர்ப்பு இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் களைப்பில், ஏதோ சுங்கப் படிவம் என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மணற்கேணி:

இனி "உனக்கு இல்லை" பட்டியல், கடைசியில் ஜூரி.

வாக்கு. ஃபெடரல், மாநிலத் தேர்தல் எதிலும் இல்லை. மேரிலாந்தின் டகோமா பார்க் போல சில ஊர்களில் உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும் குடிமகனல்லாதவர் வாக்களிக்கலாம், ஆனால் அந்தப் பட்டியல் தனி. ஆபத்து வாக்குச்சாவடியில் இல்லை, லைசென்ஸ் தருகிற டிஎம்வி கவுன்டரில்தான். 1993 சட்டத்தின்படி லைசென்ஸ் எடுக்கும்போதே வாக்காளராகப் பதிவு செய்யலாமா என்று கேட்பார்கள். திரையில் வருகிற எல்லாவற்றுக்கும் "யெஸ்" அழுத்திக்கொண்டே போனால், "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று கையெழுத்திட்டதாகிவிடும். அப்படிச் சொல்வது வெளியேற்றத்துக்குக் காரணம், கிரீன் கார்டுக்கு நிரந்தரத் தடை, பொதுவாக மன்னிப்பு விலக்கு கிடையாது. பிற்பாடு என்-400 என்கிற குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்களிக்கப் பதிவு செய்தீர்களா என்று நேராகவே கேட்பார்கள்.

துப்பாக்கி. இரண்டாம் திருத்தம் "பீப்பிள்" என்கிறது, கிரீன் கார்டுகாரர் வாங்கலாம். ஆனால் எச்1பி, மாணவர்களுக்கான எஃப்-1 போன்ற விசாவில் வந்தவர் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம், 2022-க்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறை. முறையான வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. வார இறுதியில் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்ச் போய் வாடகைத் துப்பாக்கியைப் பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதுவும் கையில் வைத்திருப்பதுதான்.

தேர்தல் நன்கொடை. கிரீன் கார்டுகாரர் தரலாம். விசாக்காரர் ஃபெடரல், மாநில, உள்ளூர் எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. சம்பளமில்லாமல் தொண்டராக வேலை பார்க்கலாம்.

அடையாளத் தாள். 18 வயதுக்கு மேற்பட்ட குடிமகனல்லாதவர் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். கிரீன் கார்டுகாரருக்கு அந்தக் கார்டு, விசாக்காரருக்கு ஐ-94 என்கிற நுழைவுப் பதிவு.

கைதானால் தூதரகம். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் அவர்கள் தூதரகத்துக்குப் போலீஸ் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இந்தியா, இலங்கை என்றால் நீங்கள் கேட்டால்தான். வாய்விட்டுக் கேளுங்கள். குற்ற வழக்கில் வக்கீல் "ஒப்புக்கொண்டுவிடு, சின்ன அபராதத்தோடு முடியும்" என்றால், குடியேற்ற விளைவு என்ன என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அதைச் சொல்வது வக்கீலின் கடமை என்பது 2010 படிலா தீர்ப்பு. அந்த மனிதர் 40 ஆண்டுக்கு மேலாக நிரந்தர வசிப்பாளர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். ஒன்றும் ஆகாது என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டார், வெளியேற்ற நடவடிக்கை வந்தது.

ஜூரி கடிதம். குப்பையில் போடாதீர்கள். பல இடங்களில் வாக்காளர் பட்டியலோடு லைசென்ஸ் பட்டியலையும் சேர்த்துப் பெயர் எடுப்பதால் நமக்கும் வருகிறது. உங்களை ஜூரி விசாரிக்கலாம், நீங்கள் ஜூரியில் உட்கார முடியாது. ஆனால் பதில் போட வேண்டும். ஃபெடரல் கோர்ட் அழைப்பை அலட்சியம் செய்தால் 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. கூட வரும் கேள்வித்தாளில் தகுதிக் கேள்விகள் முதலில் இருக்கும்: 18 வயது ஆயிற்றா, இந்தக் கவுன்டியில் வசிக்கிறீர்களா, அமெரிக்கக் குடிமகனா. முதலிரண்டுக்கும் "யெஸ்" போட்ட வேகத்தில் மூன்றாவதற்கும் போட்டுவிடாதீர்கள். "நோ" போட்டு, கையெழுத்திட்டு, குறித்த நாளுக்குள் அனுப்புங்கள். சில கவுன்டிகள் கிரீன் கார்டு அல்லது பாஸ்போர்ட் நகல் கேட்கும், அதை இணையுங்கள். வேலைப்பளு, ஊரில் இல்லை போன்ற சாக்குப் பெட்டிகளில் எதையும் தொட வேண்டாம். அது தள்ளிவைக்கக் கேட்பதாகி, ஆறு மாதத்தில் இன்னொரு கடிதம் வந்து நிற்கும். அனுப்பும் முன் நிரப்பிய தாளை ஒரு நகல் எடுத்து என்-400-க்காகச் சேர்க்கிற கோப்பில் போட்டு வையுங்கள்.